பதிவறையில் இருவர்

20 ஜனவரி 2025, திங்கள்

தாளாளர் ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் லேபில் தினமும் யார் எந்த மெஷினில் உட்கார்ந்தாள், யாரோடு குசுகுசுத்தாள், எழுந்து போகும்போது முகம் எப்படி இருந்தது, எல்லாம் அதில் வர வேண்டுமாம். அதற்குப் பச்சை அட்டை நோட்டு ஒன்று வாங்கியாயிற்று. இது அது இல்லை. போன வருடம் யாரோ விட்டுப்போன ரெக்கார்டு நோட்டின் மிச்சப் பக்கங்கள் இவை. பச்சை நோட்டில் எழுத முடியாதது ஏதாவது இருந்தால் இங்கே எழுதலாம் என்று எடுத்து வந்தேன். அப்படி எதுவும் இருக்கும் என்று நினைக்கவில்லை.

நடந்தது இது. அரையாண்டு லீவு முடிந்து வந்ததிலிருந்து ப்ளஸ் டூ பெண்கள் எதைக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். டிபனுக்கு ஏன் லேட் என்று விடுதி வார்டன் பாப்பாத்தியக்கா கேட்டால், "கதவு பூட்டியிருக்குதுங்க." கெமிஸ்ட்ரி டெஸ்ட்டில் ஏன் மார்க் குறைந்தது என்றால், "கதவு பூட்டியிருக்குதுங்க." முறைப்பு இல்லை, சிரிப்பு இல்லை. மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு, அறுபது பேரும் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியில் இரட்டைப் பின்னலில் ரிப்பன்கூட ஒரே நீளம்தான் இருக்க வேண்டும். "ஒரே மாதிரி இருங்கன்னு நாமதான சொல்லிக்குடுத்தோம், இருக்கறாங்க," என்று தமிழய்யா ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்தார். தாளாளர் சிரிக்கவில்லை.

"உங்க லேப்ல பதினேழாவது மெஷின்ல ஏதோ கேம் இருக்குதாமா டீச்சர். அதுல வர்ற வரியாமா இது. யாரு ஆரம்பிச்சதுன்னு மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லிப்போடுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கெழம, முப்பத்தொண்ணாந்தேதி பிரேயர்ல, நீங்களே மைக்குல சொல்லீரலாம்," என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் எல்லோரும் ஸ்டடிக்குப் போனபின் பதினேழாவது மெஷினைப் போட்டேன். எழுத்தை மட்டும் வைத்து ஆடும் விளையாட்டு. படம் கிடையாது. நீ எங்கே இருக்கிறாய் என்று கறுப்புத் திரை சொல்லும். என்ன செய்யப் போகிறாய் என்று நீ டைப் அடிக்க வேண்டும். அதற்கு என்ன ஆனது என்று அது சொல்லும். ஆங்கில எழுத்தில் தமிழ். இங்கே நான் தமிழாகவே எழுதுகிறேன்.

*நீ ஸ்டாஃப் ரூமில் இருக்கிறாய். யாரும் இல்லை. கதவைச் சாத்தினால் அதன் பின்னால் ஒரு கண்ணாடி. கண்ணாடியில் மூன்று பொட்டு ஒட்டியிருக்கிறது, ஒன்று பச்சை. மேஜைமேல் உப்புமா இருக்கிறது. தெற்கே வராண்டா.*
*> உப்புமாவைச் சாப்பிடு*
*ஏற்கெனவே தண்டனையில்தான் இருக்கிறாய்.*

சிரித்துவிட்டேன். அப்புறம் வார்டன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுக்கலாம், பெல்லைக் கழற்றிக் கிணற்றில் போடலாம், எல்லோர் ரிப்பனையும் கத்தரிக்கலாம், தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றலாம். வடக்கு கேட்டைத் திறந்து அத்தனை பேரையும் வெளியே விட்டால் ஜெயித்தாயிற்று. நான் ஜெயிக்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஒரே இடம்தான் வந்தது.

*நீ பதிவறையில் இருக்கிறாய். கதவு திறந்திருக்கிறது.*
*> வெளியே போ*
*கதவு பூட்டியிருக்கிறது.*
*> கதவைத் தள்ளு*
*ஒருத்தியால் முடியாது.*
*நகர்வு: 4069*

பதிவறை என்பது எங்கள் பள்ளியில் பழைய ரெக்கார்டுக் கட்டுகள் கிடக்கும் அறை. மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பெரிய தப்பு செய்கிறவர்களை அங்கே உட்கார வைப்பார்கள்.

விளையாட்டு 2013-இல் படித்த ஒரு பெண் எழுதியது. அப்போதே அழித்துவிடச் சொன்னார்கள். என்னிடம்தான் சொன்னார்கள். அழித்தேன் என்றுதான் ஞாபகம்.

21 ஜனவரி, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. பழைய ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை. பதினேழாவது மெஷினில் 4070. நான் எதையும் டைப் அடிக்கவில்லை. திறந்தேன், பார்த்தேன், மூடினேன்.

22 ஜனவரி, புதன்

யாரோ பெண்கள் ஆடுகிறார்கள், அதனால் எண் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதனால் இன்று பதினேழாவது மெஷினுக்கு முன்னால் 'பழுது' என்று அட்டை எழுதி ஒட்டி, நாற்காலியையும் எடுத்துவிட்டேன். நாற்காலியை எடுத்ததை இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்தாள். பெயர் மௌனிகா. பச்சை நோட்டில் அதை எழுதினேன். எழுதியபின் பேனாவை மூடி வைக்கவே மனசில்லை, ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது.

காலை பிரேயரில் எண்ணிக்கை எடுப்பது எங்கள் வழக்கம். பெயர் கூப்பிடுவதில்லை. அவரவர் எண்ணை அவரவரே கத்த வேண்டும். முப்பத்தொன்பது, நாற்பது, அப்புறம் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று கிடையாது. அது ராசியில்லாத எண் என்று தாளாளர் எடுத்துவிட்டார், பல வருடமாயிற்று. புதிதாய் வரும் டீச்சர்கள் முதல் நாள் கேட்பார்கள், அப்புறம் பழகிவிடும். நாற்பதுக்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் இடைவெளி விட்டு நாற்பத்திரண்டு வரும். இன்று அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. புறா பறந்தது கேட்டது. பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபிறகுதான் நாற்பத்திரண்டு வந்தது.

நாற்பத்திரண்டு மௌனிகாதான்.

24 ஜனவரி, வெள்ளி

4073. நாற்காலி இல்லை, அட்டை ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது.

வீட்டுக்காரர் குமரேசன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தீவன மில்லிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏ வசந்தா, அதென்ன நாலாயிரத்து எழுவத்திமூணு? சோத்துல கைய வெச்சுட்டு நம்பர் சொல்லிட்டிருக்கற?"

"ரெக்கார்டு நம்பருங்க."

"உங்க ஸ்கூல்ல உனக்கும் ஒரு நம்பர் குடுத்துட்டாங்களோன்னு பாத்தேன்," என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். இந்த மனிதர் எதைச் சொன்னாலும் எங்கேயோ போய்க் குத்துகிறது, அவருக்கு அது தெரியாது.

பொட்டுப் பாக்கெட் தீர்ந்துவிட்டது. சிவப்பு மட்டும்தான் கடையில் இருந்தது. பச்சை வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து பச்சைதான், மாற்றினால் கண்ணாடியில் வேறு யாரோ தெரிகிறாள்.

27 ஜனவரி, திங்கள்

சனிக்கிழமை மதியம் நானே லேபின் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். 4074. பூட்டினேன். சாவி என் கைப்பையில். நேற்று ஞாயிறு, குடியரசு தினம். கொடியேற்றிவிட்டு லட்டு கொடுத்தார்கள், லேப் பக்கம் யாரும் வரவில்லை. இன்று காலை பூட்டைத் திறந்து மெயினைப் போட்டேன். 4076.

நான் பேய்க்கதை நம்புகிறவள் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர். மெஷின் தானாக ஒன்றும் செய்யாது, யாரோ எழுதி வைத்ததைத்தான் செய்யும். அதனால் மூன்று பீரியடும் உட்கார்ந்து நாங்கள் எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். அவள் எழுதிய புரோகிராமை. தேதியைப் பார்த்து எண்ணை ஏற்றும்படி எங்காவது ஒரு வரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஆடுகிறவர் ஒரு கட்டளை அடித்தால் ஒன்று ஏறும். அவ்வளவுதான். யாரும் அடிக்காவிட்டால் அது அப்படியே நிற்க வேண்டும். போன திங்கட்கிழமை நான் அத்தனை கட்டளை அடித்தபோதோ, அது 4069-ஐ விட்டு அசையவே இல்லை.

மதியம் காலண்டரை வைத்துக்கொண்டு 4076 நாளைப் பின்னால் எண்ணினேன். ஒரு தடவை எண்ணி நம்பாமல் மறுபடி எண்ணினேன். 30 நவம்பர் 2013, சனிக்கிழமை.

ஒரு நாளைக்கு ஒன்று. அன்றிலிருந்து ஒரு நாள்கூட விடாமல், லாக்டவுனில் பள்ளியே மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோதும், யாரோ அங்கே தினம் ஒரு தடவை ஏதோ செய்து பார்க்கிறார்கள்.

தாளாளர் வராண்டாவில் எதிரே வந்தார். "பேரு கெடச்சுதுங்களா டீச்சர்?" "பார்த்துட்டிருக்கேன் சார்." "பாருங்க, பாருங்க. பதிவறையக் கூட்டிச் சுத்தம் பண்ணி வெக்கச் சொல்லிட்டேன்."

28 ஜனவரி, செவ்வாய்

பாப்பாத்தியக்கா பதிவறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போவதில்லை. லேபுக்குப் போக மாடிப்படி வழி பக்கம்தான், ஆனாலும் கிரவுண்டைச் சுற்றிப் போவேன். நடந்தால் உடம்புக்கு நல்லது. இன்று நேர்வழியில் போனேன்.

"அக்கா, அந்தப் பழைய நாப்பத்தொண்ணு, அந்தப் பொண்ணு ஞாபகம் இருக்குதுங்களா?"

விளக்குமாற்றை நிறுத்தவில்லை அவர். "மறக்கறதுக்கு அது என்னங்க, சும்மா விசயமா? ரம்யபாரதி. சனிக்கெழம காலைல நாந்தான் இதுக்குள்ள உட்டுப் பூட்டுனேன். திங்கக்கெழம நாந்தான் தொறந்தேன். சோறு தண்ணி எல்லாம் ஜன்னல்ல குடுத்தேனுங்க, அதுல ஒரு கொறையும் வெக்கல. தொறந்து, வா சாமி போலாம்னேன். அசையல. 'கதவு பூட்டியிருக்குதுங்க'ன்னுச்சு."

"பூட்டியா இருந்துச்சு?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. நான் தொறந்த கதவுலதான நின்னுட்டிருக்கறேன்? சாவி எங் கையில தொங்குது. அது என்னையப் பாக்குது, கதவப் பாக்குது, பூட்டியிருக்குதுங்கன்னு அதையே சொல்லுது. அவங்கப்பன் ஆத்தூர்லருந்து வந்து தூக்கித்தான் கொண்டுபோனாரு. பதினேழு வயசுப் புள்ளைய, தோள்ல போட்டு." அப்போதுதான் நிமிர்ந்தார். "ஏனுங்க மிஸ், உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க அப்ப இங்கதான இருந்தீங்க?"

அந்தத் திங்கட்கிழமை நான் லீவு என்றேன். பொய் இல்லை. லீவு போட்டிருந்தேன்.

இந்தக் கதை பெண்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். யாருக்கும் சொன்னதில்லை என்றார். பதினோரு வருடத்தில் இன்றுதான் முதல் முறை வாய் திறந்ததாகச் சொன்னார். அப்படியானால் விளையாட்டுக்குள் அந்த வரி எப்படி வந்தது? புரோகிராம் 2013 நவம்பர் 28-ஆம் தேதி, வியாழக்கிழமையோடு நின்றுவிட்டது. அவளைப் பூட்டியது முப்பதாம் தேதி.

29 ஜனவரி, புதன்

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றார்கள். மௌனிகா கடைசியில் நின்றாள், வேண்டுமென்றே. மற்றவர்கள் போனபின் நோட்டை வைத்துவிட்டு நகரவில்லை.

"மிஸ், நாப்பத்தொண்ணு யாருங்க?"

"எந்த நாப்பத்தொண்ணு?"

"கேம்ல நாங்கதான் நாப்பத்தொண்ணா வர்றோம். பிரேயர்ல எனக்கு முன்னால அந்த நம்பர் இல்ல. தெனமும் அந்தக் கேப்புல நிக்கறது நாந்தானுங்க மிஸ். நாப்பதுக்கு அப்பறம் யாரோ மூச்சு இழுக்கற மாதிரியே இருக்கும். நாங்க எல்லாரும் ஆடிப் பாத்துட்டோம். எல்லாரும் ஜெயிக்கற வரைக்கும் போறாங்க, அப்பறம் அந்த ரூமுக்குள்ள மாட்டிக்கறாங்க. அந்த நாப்பத்தொண்ண வெளிய கொண்டாரணுமுங்க."

"அதுக்குத்தான் எல்லாரும் அந்த வரியைச் சொல்றீங்களா?"

"ஆமாங்க. திருப்பித் திருப்பிச் சொன்னா, யாருக்காச்சும் ஞாபகம் வந்து அவங்களே வந்து சொல்லுவாங்கன்னு நான்தான் சொன்னேன்."

நான்தான் என்று சொல்லிவிட்டாள். என்னிடம், லேபில், பட்டப்பகலில். கேட்காமலேயே பெயர் கிடைத்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன், ஏற்கெனவே போட்ட பக்கத்திலேயே.

"இன்னொண்ணுங்க மிஸ். ஆரம்பத்துல வர்ற ரூமு ஸ்டாஃப் ரூமு. கதவச் சாத்துனா பின்னால கண்ணாடி, அதுல பொட்டுன்னு வருது. நாங்க யாரும் உள்ள வந்ததே இல்லீங்க. வாசப்படில கைகட்டி நிப்போம், கதவு எப்பவும் தொறந்தேதான் இருக்கும். சாத்துனா பின்னால என்ன இருக்குதுன்னு ஒரு ஸ்டூடண்டுக்குத் தெரியவே தெரியாது. அந்த ரூமை எழுதுனது நாப்பத்தொண்ணு இல்லீங்க மிஸ்."

"பின்ன யாரு?"

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். நல்லவேளை, இன்று சிவப்பு.

30 ஜனவரி, வியாழன்

பச்சை நோட்டில் மௌனிகா பெயரை எழுதி, மதியம் தாளாளரிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் காலையில் நினைத்தேன். எழுதக்கூடச் செய்தேன். நாளை மைக்கில் சொல்ல வேண்டும், சனிக்கிழமை அவள் பதிவறைக்குள் போவாள், திங்கட்கிழமை கதவு திறக்கும். என் வேலை இருக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு நாள். இப்படியே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். 2013-லும் இதே சொற்களைத்தான் சொல்லிக்கொண்டேன் என்று அப்போது உறைத்தது.

மதியம் பதினேழாவது மெஷின் முன்னால் நின்றுகொண்டே திறந்தேன். இன்று தொடக்கத்தில் ஒரு கேள்வி வந்தது. இதுவரை வராத கேள்வி, புரோகிராமில் இல்லாத கேள்வி.

*யாராக ஆடுகிறாய்? 1. நாற்பத்தொன்று 2. மிஸ்*

இரண்டை அழுத்தினேன்.

*நீ பதிவறை வாசலில் நிற்கிறாய். உள்ளிருந்து உன்னைக் கூப்பிடுகிறாள்.*
*> கதவைத் திற*
*செய்தது யார்? பெயர் சொல்:*
*> ரம்யபாரதி*
*அந்தப் பெயரை ஏற்கெனவே சொல்லிவிட்டாய். பெயர் சொல்:*

என்ன வருகிறது என்று பார்க்கத்தான், வேறு எதற்கும் இல்லை.

*> மௌனிகா*
*பதிவறையில் இருவர்.*

வயரைப் பிடுங்கிவிட்டேன். திரை அணைய ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடியும் அந்த வரி அங்கேயே இருந்தது.

எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கங்கள் அதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது.

அப்போது வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். எனக்கு இருபத்தைந்து வயது, ரம்யபாரதிக்குப் பதினேழு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபுக்கு வருவாள். அவளுக்கு நிரல் எழுத வந்தது, எனக்குக் கிண்டல் எழுத வந்தது. முதல் அறை நான் எழுதியது. கண்ணாடி, பொட்டு, உப்புமா எல்லாம் என்னுடையது. அவள் பெல்லைக் கிணற்றில் போட்டாள், நான் தாளாளர் நாற்காலியைச் சுற்றவைத்தேன். பதிவறையை மட்டும் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தோம், எழுதவே இல்லை. அந்த லேபில் நாங்கள் சிரித்த மாதிரி அதற்கப்புறம் இந்தப் பள்ளியில் நான் சிரித்ததில்லை.

யாரோ பிரிண்ட் அவுட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். வார்டன் சாவியை எடு, கேட்டைத் திற, எல்லோரையும் வெளியே விடு. தாளாளர் அதை நிஜத் திட்டம் என்றே நினைத்தார். "யாரு டீச்சர்?" என்று கேட்டார், இதே குரலில். விளையாட்டு சார், இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். பயம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை. வெள்ளிக்கிழமை பிரேயரில் மைக்கில் "நாற்பத்தொன்று" என்றேன். பெயரைக்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே போகும்போது உள்ளிருந்து "மிஸ்" என்று கூப்பிட்டாள். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். நான் வேகமாக நடந்தேன். அன்றிலிருந்துதான் கிரவுண்டைச் சுற்றிப் போகிறேன்.

31 ஜனவரி, வெள்ளி

பச்சை நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டேன். ஸ்டாஃப் ரூம் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய பச்சைப் பொட்டில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். பசை இல்லை, கொஞ்சம் எச்சில் தொட்டு ஒட்டினேன்.

பிரேயர் முடிந்தது. தாளாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எண்ணிக்கை ஆரம்பித்தது. நான் மைக் பக்கத்தில் நின்றேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

அப்புறம் அந்த இடைவெளி. மௌனிகா சொன்னது நிஜம். யாரோ மூச்சு இழுக்கும் சத்தம். மைக் வழியாக ஸ்பீக்கரில் கேட்டது. மூச்சை இழுத்தது நானாக இருக்கலாம்.

"நாற்பத்தொன்று," என்றேன். "அந்தப் பொண்ணு பேரு ரம்யபாரதி. அவ ஒண்ணும் திட்டம் போடலை. அது ஒரு விளையாட்டு. முதல் அறைய எழுதினது நான். பாதி விளையாட்டு என்னோடது. அன்னைக்கு நான் ஒரு பேரைத்தான் சொன்னேன், ரெண்டு பேரைச் சொல்லியிருக்கணும். இன்னைக்கு யாரு ஆரம்பிச்சதுன்னு கேட்டீங்க சார். நான்தான். வசந்தாமணி."

தாளாளர் பக்கத்தில் வந்தார். "டீச்சர், மைக்க வெச்சுட்டு ரூமுக்கு வாங்க," என்றார். அப்போதும் குரல் உயரவில்லை. ஆனால் வெள்ளை வேட்டியின் கரையை விரலால் கசக்கிக்கொண்டிருந்தார், அதை நான் பார்த்தேன்.

"நாப்பத்திரெண்டு!" என்று ஒரு குரல். இடைவெளி இல்லாமல், உடனே. அப்புறம் நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு, கடைசிவரை ஓடியது.

பத்தரைக்குள் எல்லாம் முடிந்தது. ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். லேப் சாவியை ஒப்படைக்கும் முன் பதினேழாவது மெஷினில் இருந்ததைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். 4080. கேட்டுக்குப் போகும்போது பாப்பாத்தியக்கா பின்னாலேயே வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார், ஆத்தூர் பக்கம் ஒரு ஊர்ப் பெயர். "பதிவறைப் பூட்டு கெணத்துல உளுந்துருச்சுன்னு சார்கிட்டச் சொல்லியிருக்கறனுங்க. சாவி மட்டும் பத்தரமா இருக்குது," என்றார். சிரிக்கவில்லை.

குமரேசனிடம் சொன்னேன். எல்லாவற்றையும். "நாளைக்கு எத்தன மணிக்கு பஸ்?" என்று மட்டும் கேட்டார்.

1 பிப்ரவரி, சனி

அவளுடைய அப்பா முற்றத்தில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"பதினோரு வருசத்துல அங்கிருந்து ஒரு ஆளு வரலீங்க," என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முற்றத்து ஓரத்தில் இருந்த தகரக் கூரை அறையைக் காட்டினார். சோளம் போட்டு வைக்கக் கட்டியது. வெளிப்பக்கமாகத் திறக்கும் தகரக் கதவு, விரியத் திறந்து கிடந்தது. "கூட்டியாந்த அன்னைக்கே அதுக்குள்ள போயி ஒக்காந்துருச்சு. குளிக்க, சாப்பிட அவங்கம்மா கையப் புடிச்சுக் கூட்டியாருவா, கண்ண மூடிக்கிட்டு வரும். தானா ஒரு எட்டு எடுத்து வெச்சதில்ல. டாக்டருங்க எல்லாம் பாத்தாச்சு. தெனம் காலைல ஒருக்கா மட்டும் எந்திரிச்சு அந்தக் கதவுகிட்ட வரும். நின்னு பாக்கும். அப்பறம் போயி ஒக்காந்துக்கும்."

தினம் ஒரு தடவை.

வாசலில் நின்றேன். உள்ளே சாக்குமேல் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது. இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருந்தாள். இரண்டு ரிப்பனும் ஒரே நீளம்.

"ரம்யா."

"கதவு பூட்டியிருக்குதுங்க மிஸ்," என்றாள். ஆச்சரியமே இல்லை. நான் அன்றிலிருந்து அங்கேயே நின்றுகொண்டிருந்த மாதிரி சொன்னாள்.

அன்று நடக்காமல் விட்ட நடையை நடந்தேன், உள்ளே போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கதவைப் பார்த்தேன். முற்றம், வெயில், காயும் சோளம், என் கணவரின் கால்கள் எல்லாம் தெரிந்தன. ஆனால் எழுந்து போகலாம் என்று தோன்றவில்லை. போக முடியாது என்பது உடம்புக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பதிவறையில் இருவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான்தான் சொன்னேன் ரம்யா. மைக்கில. நீ கூப்பிட்டப்போ கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் போனேன்."

"தெரியுமுங்க மிஸ். செருப்புச் சத்தம்," என்றாள். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "உப்புமா போட்டாங்களா?"

"ஏற்கெனவே தண்டனையில்தான் இருக்கிறாய்," என்றேன். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைப் பார்த்தபிறகுதான் எழுந்தேன். அந்தத் தகரக் கதவை இழுத்துச் சாத்தினேன். வெளியே அவள் அப்பா ஏதோ கத்தினார், குமரேசன் அவரைப் பிடித்துக்கொண்டார் போல. உள்ளே இருட்டிவிட்டது. கதவு இடுக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

"இப்ப நெசமாவே சாத்தியிருக்குது," என்றேன். "வா, தள்ளலாம்."

"ஒருத்தியால முடியாதுங்க மிஸ்."

"ஒருத்தி இல்லை. ரெண்டு பேரு இருக்கோம்."

அவள் வரவில்லை. நான் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் சுட்டது. கை கன்றும்வரை நின்றேன். அப்புறம் பின்னால் சாக்கு சரசரத்தது. என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து தகரத்தைத் தொட்டது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.

தள்ளினோம்.

3 பிப்ரவரி, திங்கள்

இன்று வேலைக்குப் போக வேண்டியதில்லை. துணி ஊறவைத்துவிட்டுப் பென் டிரைவைப் போட்டுப் பார்த்தேன். 4081, சனிக்கிழமையின் எண். நேற்று பார்த்தபோதும் அதே எண்தான் இருந்தது.